பால்கனியில் இரண்டு சேற்று பாட்டில்கள்

"இந்தச் சேத்த எப்பதான் தூக்கிப் போடப் போறே?" என்று அம்மா தினமும் ஒரு தடவை கேட்டுவிடுகிறாள். எங்கள் சைதாப்பேட்டை வீட்டுப் பால்கனியில், துளசித் தொட்டிக்குப் பக்கத்தில், இரண்டு லிட்டர் கூல்டிரிங்க்ஸ் பாட்டில்கள் இரண்டு நிற்கின்றன. இரண்டிலும் அடையாற்றுச் சேறு. ஒன்று அனகாபுத்தூர்ப் பக்கம் எடுத்தது, இன்னொன்று பட்டினப்பாக்கத்தில் ஆறு கடலில் சேரும் இடத்தில் எடுத்தது. வாயில் பிளாஸ்டிக் தாளை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருப்பதால் நாற்றம் அதிகம் வருவதில்லை. துளசிக்குப் பக்கத்தில் சாக்கடையை வைப்பார்களா என்பதுதான் அம்மாவின் வழக்கு.

இதற்கெல்லாம் காரணம் அக்கா மகள். ஒன்பதாவது படிக்கிறாள், பள்ளியில் அறிவியல் கண்காட்சி. "எல்லாரும் எரிமலைதான் பண்றாங்க, வேற ஏதாச்சும் சொல்லு சித்தி" என்று வந்து நின்றாள். நான் நுண்ணுயிரியல் படித்தவள், அப்புறம் ஆறு வருஷம் ஒரு தனியார் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் குப்பை கொட்டியவள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "வினோகிராட்ஸ்கி பாட்டில் பண்ணலாமா?" என்று கேட்டுவிட்டேன்.

செர்கேய் வினோகிராட்ஸ்கி ரஷ்யாக்காரர். 1880களில், மற்றவர்கள் ஒவ்வொரு பாக்டீரியாவாகப் பிரித்தெடுத்துத் தனித்தனியாக வளர்த்துக்கொண்டிருந்தபோது, இவர் சேற்றை அக்கம்பக்கத்தோடு சேர்த்துக் கண்ணாடிக்குள் வைத்துப் பார்த்தார். செய்முறை ரொம்ப எளிது. சேற்றில் செய்தித்தாளைக் கிழித்துப் போட்டுப் பிசைய வேண்டும், அது சாப்பாடு. கந்தகத்துக்காக முட்டையின் மஞ்சள் கரு. பாட்டிலில் அடைத்து, மேலே நாலு விரல் உயரத்துக்கு அதே ஆற்றுத் தண்ணீரை ஊற்றி, வெளிச்சம் படும் இடத்தில் வைத்துவிட வேண்டும். பிறகு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான்.

முட்டை விஷயத்தில் அவள் என்னைத் திருத்தினாள். "ரெண்டு இடத்துச் சேறும் எப்படி வித்தியாசமா இருக்குன்னு பாக்கணும்னா நாமளே கந்தகம் போடக் கூடாதுல்ல?" சரிதான். இரண்டுக்கும் ஒரே அளவு செய்தித்தாள் மட்டும் போட்டோம்.

பட்டினப்பாக்கத்தில் முழங்கை வரை கையுறை மாட்டிக்கொண்டு நாங்கள் சேறு தோண்டுவதை, வீச்சு வலையோடு நின்ற ஒரு பெரியவர் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாத்துக்கும்மா சேறு? செடி வெக்கவா?"

"ஸ்கூல் ப்ராஜெக்ட்டுண்ணா. இதுல என்னென்ன உசுரு இருக்குன்னு பாக்க."

"இதுல இன்னாம்மா உசுரு இருக்கப் போவுது? இது செத்துப்போன ஆறு." அப்படிச் சொன்னவரின் வலையில் ஒரு மடவை துள்ளிக்கொண்டிருந்தது.

சென்னையில் எல்லோருக்கும் பழகிப்போன பேச்சு இது. கூவத்தைப் பற்றி யார் எழுத ஆரம்பித்தாலும் பச்சையப்ப முதலியார் அதில் குளித்துவிட்டுக் கோமளீஸ்வரன் கோயிலுக்குப் போனார் என்று தொடங்கி, 'செத்த நதி' என்று ஒரு பெருமூச்சோடு முடிப்பார்கள். அந்தப் பெருமூச்சில் எனக்கு நம்பிக்கை போய் ரொம்ப நாளாகிறது. சாதாரண ஆற்றுத் தண்ணீரில் ஒரு மில்லிலிட்டருக்குப் பத்து லட்சம் பாக்டீரியா அளவில் இருக்கும். அடிச்சேற்றில் ஒரு கிராமுக்கு நூறு கோடி. இரண்டு டீஸ்பூன் சேற்றை எடுத்தாலே உலக மக்கள்தொகையைத் தாண்டிவிடும். இவற்றில் நூற்றுக்கு ஒன்று கூட ஆய்வுக்கூடத் தட்டில் வளராது. அதனால்தான் வெகுகாலம் இவை இருப்பதே நமக்குத் தெரியாமல் இருந்தது. சேற்றிலிருந்து நேரடியாக மரபணுவைப் பிரித்துப் படிக்கக் கற்ற பிறகுதான் கூட்டத்தின் அளவு புரிந்தது.

செத்துப்போவதற்கும் மூச்சு விடும் விதம் மாறிப்போவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. இதைப் படித்துத் தெரிந்துகொண்டதை விடப் பரிசோதனைக் கூடத்தில் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான் அதிகம்.

தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனை அளக்க 1888இல் விங்க்ளர் என்ற ஹங்கேரிக்காரர் கண்டுபிடித்த முறையைத்தான் நாங்களும் பயன்படுத்தினோம். காற்றுக்குமிழ் சேராமல் பாட்டிலை நிரப்பி, மாங்கனீசு சல்பேட் கொஞ்சம், கார அயோடைடு கொஞ்சம் விட்டு மூடியைப் போட்டுத் தலைகீழாகக் கவிழ்க்க வேண்டும். ஆக்சிஜன் இருந்தால் உள்ளே பழுப்பு நிறத்தில் ஒரு மேகம் கிளம்பி, நல்ல டிகாஷன் நிறத்தில் கீழே இறங்கும். அப்புறம் அமிலம், ஸ்டார்ச், சொட்டுச் சொட்டாக அளந்து விடும் பியூரெட் குழாய். நீலம் மறையும் சொட்டில் கணக்கை எழுதிக்கொள்ளலாம். குழாய்த் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், ஏரித் தண்ணீர் எல்லாம் பழுப்பு காட்டும். முதல் தடவை கூவத்து சாம்பிளை நான் கவிழ்த்தபோது மேகம் வந்தது. ஆனால் வெள்ளையாக வந்தது. அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி. ரசாயனத்தைத் தப்பாக விட்டுவிட்டேனோ என்று இன்னொரு பாட்டிலை எடுத்தேன். அதுவும் வெள்ளை. எதிரில் இருந்த சீனியர் தலையைக் கூடத் தூக்காமல், "கூவமா? பியூரெட்டைக் கழுவி வெச்சிடு, வேலை முடிஞ்சுது" என்றார். ஆக்சிஜன் பூஜ்யம்.

30 டிகிரி வெயிலில் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீர் அதிகபட்சம் ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் பிடித்துவைத்துக்கொள்ளும். வீட்டுக் கழிவுநீரின் பிஓடியை, அதாவது அதிலுள்ள அழுக்கைத் தின்று தீர்க்க பாக்டீரியாவுக்குத் தேவைப்படும் ஆக்சிஜனை, லிட்டருக்கு 250 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் சாக்கடைக்கு முப்பது லிட்டருக்கு மேல் நல்ல தண்ணீர் தன் ஆக்சிஜன் முழுவதையும் தானம் பண்ண வேண்டும். மழைக்காலம் தவிர்த்த எட்டு மாதத்தில் நம் ஆறுகளில் அப்படி ஏது நல்ல தண்ணீர்? (இந்தப் பிஓடி பரிசோதனைக்கு வெளிநாடுகளில் வழக்கமான விதி 20 டிகிரியில் ஐந்து நாள். நம் நாட்டில் 27 டிகிரியில் மூன்று நாள். ஊர்ச் சூட்டுக்கு பாக்டீரியாவும் வேகமாகச் சாப்பிடும் என்று யாரோ யோசித்திருப்பது எனக்குப் பிடிக்கும்.)

ஆக்சிஜன் தீர்ந்ததும் என்ன ஆகும் என்பதுதான் விஷயமே. பந்திக்கு முந்து என்பார்கள். ஆக்சிஜனை வைத்து மூச்சு விடும் கூட்டம் முதல் பந்தி. ஒரு கவளத்தில் கிடைக்கும் சக்தி அவர்களுக்குத்தான் அதிகம். அது தீர்ந்தால் நைட்ரேட்டை வைத்து மூச்சு விடுபவர்கள் உட்காருவார்கள். அப்புறம் மாங்கனீசு, இரும்பு. அதற்கடுத்து சல்பேட்காரர்கள். எல்லாம் தீர்ந்த கடைசிப் பந்தியில் மீத்தேன் உண்டாக்குகிறவர்கள். ஆற்று நடுவே குமிழ் குமிழாக வருகிறதே, அதில் பெரும்பங்கு அவர்களுடையது. பந்தி தள்ளிப்போகப் போகக் கிடைக்கும் சக்தி குறையும். ஆனால் பசியோடு எழுந்து போகிறவர் யாரும் இல்லை.

சல்பேட்டை வைத்து மூச்சு விடும் பாக்டீரியா வெளியே விடுவது ஹைட்ரஜன் சல்பைடு. அழுகின முட்டை நாற்றம். நேப்பியர் பாலத்தில் பஸ் ஜன்னலை மூடுகிறோமே, அது அவற்றின் வெளிமூச்சு. அதே வாயு சேற்றிலுள்ள இரும்போடு சேர்ந்தால் இரும்பு சல்பைடு. கூவத்துச் சேற்றின் கறுப்பு அதுதான். அந்தக் கறுப்பை எண்ணெய், தார் என்றெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கிறவர்கள் நிறைய பேர்.

கடல் பக்கத்தில் இருப்பதால் நமக்குக் கூடுதல் வினை ஒன்று உண்டு. கடல்நீரில் லிட்டருக்கு 2,700 மில்லிகிராம் சல்பேட் இருக்கிறது. ஆற்று நீரில் இருப்பது அதில் சின்னப் பங்கு. முகத்துவாரத்தில் மேலிருந்து சாக்கடை சாப்பாட்டைக் கொண்டுவருகிறது, கீழிருந்து கடல் சல்பேட்டைக் கொண்டுவருகிறது. நாலாம் பந்தி ஓயவே ஓயாது. கூவத்தின் வாயை மணல் அடைத்துக்கொண்டால் கேட்கவே வேண்டாம், உள்ளே வந்த உப்புத் தண்ணீர் அங்கேயே கிடந்து ஊறும்.

சிந்தாதிரிப்பேட்டையில் ஆற்றை ஒட்டிய தெருவில் இருந்த என் தோழியின் வீட்டில், வெள்ளிக் கொலுசைப் போட்ட மூன்று மாதத்தில் கறுத்துவிடும். உடம்புச் சூடு என்று அவள் பாட்டி வெந்தயம் ஊறவைத்துக் கொடுப்பார். அவளைக் கட்டிக்கொடுத்து அம்பத்தூர் போனாள். கொலுசும் வெளுப்பாகிவிட்டது, உடம்புச் சூடும் போய்விட்டது. வெள்ளியோடு கந்தகம் சேர்ந்தால் அப்படித்தான் கறுக்கும். அந்தத் தெருவில் ஏசி மெக்கானிக்குகளுக்கும் நல்ல பிழைப்பு, ஏனென்றால் தாமிரச் சுருளையும் அது அரிக்கும். அங்கேயே இருப்பவர்களிடம் நாற்றத்தைப் பற்றிக் கேட்டால் "எங்க நாறுது?" என்பார்கள். பொய் இல்லை. ஹைட்ரஜன் சல்பைடை மூக்கு மிக மிகக் குறைந்த அளவிலேயே கண்டுபிடித்துவிடும், அதே வேகத்தில் பழகியும்விடும். வெள்ளிக்கு அந்தச் சலுகை இல்லை.

சரி, இந்தக் கூட்டம் எங்கிருந்து வருகிறது? 2015இல் டான்யூப் ஆற்றை 2,600 கிலோமீட்டர் நீளத்துக்குப் பின்தொடர்ந்து அதன் பாக்டீரியாவைப் பட்டியல் போட்ட ஓர் ஆய்வு வந்தது. மேல்பகுதியில் வகைகள் அதிகம். மழையில் மண்ணிலிருந்து அடித்துக்கொண்டு வந்த விருந்தாளிகள் அவை. கீழே வர வர அவை உதிர்ந்து, நன்னீரிலேயே வாழப் பழகிய சில குடும்பங்கள் பெருகுகின்றன. தண்ணீருக்கு நேரம் கொடுத்தால் ஆறு தனக்கென்று ஒரு கூட்டத்தைச் சேர்த்துக்கொள்கிறது. அடையாறு மொத்தம் 42 கிலோமீட்டர்தான். அதற்குள் எத்தனை கால்வாய், எத்தனை குழாய், எத்தனை கழிவுநீர் லாரியின் பின்பக்கம். ஒரு கூட்டம் உட்காரும் முன்னே அடுத்தது வந்து இறங்குகிறது.

இன்னொரு வேடிக்கை. கழிவுநீரில் இருக்கும் பாக்டீரியாவில் மனிதக் குடலிலிருந்து வந்தது சிறு பங்குதான். மிச்சம் பெரும்பாலும் பாதாளச் சாக்கடைக் குழாயின் உட்சுவரில் வழுவழுவென்று படலம் கட்டிக் குடியிருப்பவை. நாம் குழாய் பதித்தது கழிவைக் கடத்த. கூடவே, பூமியில் அதற்கு முன் இல்லாத ஒரு வாழிடத்தையும் கட்டிக்கொடுத்துவிட்டோம்.

படலம் என்றதும் கவலைப்பட ஒன்று இருக்கிறது. படலத்துக்குள் வேறு வேறு இனத்து பாக்டீரியா தோளோடு தோள் உரசிக்கொண்டு இருக்கும்; பிளாஸ்மிட் என்ற மரபணு வளையங்களை, பக்கத்து வீட்டுக்குக் கறிவேப்பிலை கொடுக்கிற மாதிரி, கைமாற்றிக்கொள்ளும். அதில் மருந்தை முறிக்கும் வித்தையும் போகும். 2010இல் என்டிஎம்-1 என்ற மருந்தெதிர்ப்பு மரபணுவைப் பற்றி உலகத்தையே உலுக்கிய கட்டுரை வந்ததே, அதன் முதல் ஆசிரியர் நம் சென்னைப் பல்கலைக்கழகத்துக்காரர். சென்னையில் மட்டும் 44 கிருமிகளில் அதைக் கண்டார்கள். அவை நோயாளிகளிடம் எடுத்தவை. அடுத்த வருஷமே டெல்லித் தெருக்களில் தேங்கிய தண்ணீரிலும் குழாய்த் தண்ணீரிலும் அதே மரபணு கிடைத்தது. ஆஸ்பத்திரிக் கழிவும் வீட்டுக் கழிவும் ஒரே ஓடையில் சேர்கிற ஊரில் இது ஆச்சரியமே இல்லை. வீட்டில் மிச்சமான ஆன்டிபயாடிக் மாத்திரையைச் சிங்க்கில் போடாதே என்று அம்மாவிடம் நான் சண்டை போடுவது இதனால்தான். அவள் சேற்று பாட்டிலுக்காக என்னோடு போடும் சண்டைக்கு அது சரியாகப் போய்விடும்.

எங்கள் குடியிருப்பு நலச்சங்கக் கூட்டத்தில் போன வருஷம் ஒருவர் எழுந்து, நல்ல பாக்டீரியா கலந்த கரைசல் ஒன்று விற்கிறதாம், எல்லோரும் காசு போட்டு வாங்கிப் பக்கத்துக் கால்வாயில் ஊற்றினால் நாற்றம் போய்விடும் என்றார். பாதிப் பேர் கைதட்டினார்கள். நான் எழுந்தேன். பாஸ் பெக்கிங் என்ற டச்சுக்காரர் 1934லேயே எழுதிவிட்டார்: எல்லாம் எங்கும் இருக்கின்றன, எது தங்கும் என்பதைச் சூழல் தேர்ந்தெடுக்கிறது. கால்வாயில் இல்லாத பாக்டீரியாவை நாம் பாட்டிலில் வாங்கி ஊற்றப் போவதில்லை. அங்கே இல்லாதது ஆக்சிஜன். நெசப்பாக்கம், கோயம்பேடு சுத்திகரிப்பு நிலையங்களில் செய்வதும் இதே சாக்கடை பாக்டீரியாவை வைத்துத்தான். மான்செஸ்டரில் 1914இல் ஆர்டர்ன், லாக்கெட் என்ற இருவர் காட்டிக்கொடுத்த வித்தை அது. காற்றை ஊதினால் முதல் பந்திக்காரர்கள் பெருகி, பல நாள் வேலையைச் சில மணி நேரத்தில் முடிக்கிறார்கள். படிந்த கசடில் கொஞ்சத்தைத் திரும்பத் தொட்டியிலேயே விட்டால், உறை ஊற்றிய மாதிரி அடுத்த சுற்று தயார். கால்வாயில் விழும் ஐந்து குழாயை அந்த நிலையத்தோடு இணைக்கச் சொல்லி மனு கொடுக்கலாம் என்றேன். கைதட்டல் வரவில்லை. கரைசல் வாங்கினார்கள். ஒரு வாரம் கால்வாய் புளித்த மோர் வாசனை அடித்தது, அப்புறம் பழையபடி ஆகிவிட்டது.

ஒரே ஒரு முறை அடையாறு முழுசாகத் தன் கூட்டத்தை இழந்ததைப் பார்த்திருக்கிறேன். 2015 டிசம்பர் வெள்ளம். எங்கள் தெருவில் முதல் மாடிப் படியில் நாலு படி வரை தண்ணீர். வடிந்த பிறகு மறைமலையடிகள் பாலத்தில் நின்று பார்த்தால், கறுப்புச் சேறு பல இடங்களில் காணாமல் போய் மணல் தெரிந்தது. நாற்றமே இல்லை. ஜனங்கள் ஆற்றைப் பார்க்கவென்றே வந்தார்கள். பொங்கல் வரை தாங்கியது என்று நினைவு. மாசி பிறப்பதற்குள் கறுப்பு திரும்ப வந்துவிட்டது. யாரும் கொண்டுவந்து விடவில்லை. பந்தியில் இலை போட்டதும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

அதற்கு நேர் எதிரானது முதல் மழை. ஐப்பசியில் பெய்கிற முதல் கன மழை, கால்வாய்களில் மாசக்கணக்காகப் படிந்த கறுப்புச் சேற்றைக் கிளறி ஆற்றில் தள்ளும். அத்தனை சல்பைடும் ஒரே சமயத்தில் ஆக்சிஜனைக் கேட்கும். முகத்துவாரத்து மடவையும் ஜிலேபிக் கெண்டையும் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதக்கும். விஷத்தைக் கலந்தது யார் என்று பேச்சு கிளம்பும். மூச்சுத்திணறல்தான்.

பாட்டில் கதைக்கு வருகிறேன். பட்டினப்பாக்கத்து பாட்டில் மூன்றாம் நாளே அடியில் கறுக்க ஆரம்பித்தது. அனகாபுத்தூர் பாட்டில் பதினோராம் நாள்தான், அதுவும் அங்கங்கே திட்டுத் திட்டாக. அக்கா மகள் இரண்டின் வயிற்றிலும், அந்த இடத்தில் மட்டும் வெளிச்சம் படாமல் இருக்க, அலுமினியத் தாளில் ஒரு பட்டை ஒட்டி வைத்திருந்தாள். ஐந்தாவது வாரம் பட்டினப்பாக்கத்து பாட்டிலின் வெயில் பக்கத்தில், கறுப்புக்கு மேலே பாசிப்பச்சையாக ஒரு கோடு. அதற்கும் மேலே நாவல்பழச் சாறு சிந்திய மாதிரி ஊதாத் திட்டுகள். வெளிச்சத்தை வைத்துச் சமைக்கும் கந்தக பாக்டீரியா. செடி தண்ணீரை உடைக்கும் இடத்தில் இவை ஹைட்ரஜன் சல்பைடை உடைக்கும், ஆக்சிஜன் விடாது. அலுமினியப் பட்டையைப் பிரித்துப் பார்த்தோம். அதன் அகலத்துக்கு ஒரு புள்ளி நிறம் கூட இல்லை, ஓரம் கத்தரித்த மாதிரி நேராக இருந்தது. அனகாபுத்தூர் பாட்டிலில் ஊதாவே வரவில்லை. மேல் தண்ணீரில் பாசி, நடுவில் துரு நிறம், அவ்வளவுதான்.

"இது ரொம்ப அழகா இருக்கே சித்தி, ஆத்துல ஏன் இப்படித் தெரியல?" என்றாள். கலங்கிய தண்ணீரில் அடிவரை வெளிச்சம் போகாதே என்றேன். கண்காட்சியில் அவளுக்குப் பரிசு இல்லை. எரிமலைக்குத்தான் கொடுத்தார்கள்.

அம்மா கடைசிக் கெடு வைத்துவிட்டாள், வெள்ளிக்கிழமைக்குள் துளசி தனியாக இருக்க வேண்டும் என்று. எடுத்த இடத்திலேயே கொண்டுபோய்க் கொட்டிவிடலாம் என்று பட்டினப்பாக்கத்து பாட்டிலோடு இருவரும் போனோம். வலைக்காரரைக் காணோம். பாட்டிலைக் கவிழ்த்ததும் கறுப்புச் சேறு தொளதொளவென்று ஒரு கருங்கல் மேல் விழுந்து பரவியது. அந்த நாற்றத்தில் நான் நாலடி பின்னால் போய்விட்டேன். அவள் மூக்கைத் துப்பட்டாவால் பொத்திக்கொண்டு குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். காற்றுப் பட்டதும் சேற்றின் ஓரம் பழுப்பாக மாறத் தொடங்கியது. அவள் போனில் டைமரைப் போட்டாள்.

"வா, போலாம். இருட்டுது."

"இரு சித்தி. நடு மட்டும் இன்னும் கறுப்பா இருக்கு."